கொடுவா தாயாகும் வயது

ரவாங், பத்தாங் காலி, புக்கிட் ரோத்தான் என்று மலேசியாவின் சிலாங்கூரில் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் சியாகாப் மீன் பெரும்பாலும் ஒரே அளவில்தான் கிடைக்கும்: அரைக் கிலோவுக்கு மேல், ஒரு கிலோவுக்குள். எலுமிச்சையும் பூண்டும் மிளகாயும் போட்டு முழுமீனாக ஆவியில் வேகவைத்துத் தட்டில் பரிமாற அதுதான் தோதான அளவு. தமிழில் கொடுவா என்று நாம் அழைக்கும் இந்த மீனைப் பற்றி, அதை வாரந்தோறும் சமைக்கும் வீடுகளிலும் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்த அளவில் இருக்கும் கொடுவாக்களில் தாயானது அநேகமாக ஒன்றும் இருக்காது. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில காலம் ஆணாகவே இனம் பெருக்குகிறது. அதன் பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. வளர்ப்பு மீன்களில் 1.5 முதல் 2.5 கிலோ வரை உள்ளவற்றில் பெரும்பாலானவை ஆண். 4 முதல் 6 கிலோவை எட்டும்போதுதான் பெரும்பாலானவை பெண்ணாகின்றன. வட ஆஸ்திரேலிய ஆறுகளில் இந்த மாற்றம் ஏறக்குறைய 6 முதல் 8 வயதில், உடல் ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும் பருவத்தில் நடக்கிறது. நம் தட்டுக்கு வரும் மீன், ஆணாகவே இன்னும் முதிராத இளமீன்.

மீன்களின் நலம் என்ற பேச்சை எடுத்தாலே அது இளகிய மனம் உள்ளவர்களின் கவலை, மீன் பிடித்தும் விற்றும் தின்றும் வாழ்பவர்களுக்கு அதில் வேலை இல்லை என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. மீனுக்கு வலிக்குமா வலிக்காதா என்ற கேள்வியோடு பேச்சு நின்றுபோகிறது. அந்தக் கேள்வி முக்கியம்தான், அதற்கும் வருவேன். ஆனால் ஒரு மீன் நலமாக இருக்கிறதா என்று அறிய வேறொரு வழியும் உண்டு: அது எந்த வயதில், எந்த அளவில், யாருடைய உதவியோடு இனம் பெருக்குகிறது என்று பார்ப்பது. முட்டைகளை முதிரவைப்பது ஒரு பெண்மீனின் உடல் செய்யும் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று. நெருக்கடி வந்தால் உடல் முதலில் நிறுத்தும் செலவும் அதுவே. ஆகவே மீனின் நலமும் அதன் இனப்பெருக்கமும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பது என் வாதம். இரண்டையும் பிரித்து, ஒன்றை இரக்கத்தின் கணக்கிலும் மற்றொன்றை உற்பத்தியின் கணக்கிலும் எழுதிவைத்ததால்தான், பண்ணையும் வலையும் ஒரே தவற்றை இரண்டு விதமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

இந்த மீனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள சிலாங்கூர் ஆற்றைவிடப் பொருத்தமான இடம் நமக்கு வேண்டியதில்லை. ரவாங் வட்டாரத்து ஓடைகளின் நீர் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டங்களைக் கடந்து, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்களைத் தாண்டி, கோலசிலாங்கூரில் அது மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கொடுவா இனத்துக்கு இப்படி நன்னீரில் தொடங்கிக் கடலில் முடியும் முழு ஆறு தேவை. இளமீன்கள் நன்னீரிலும் உவர்நீரிலும் வளரும். முதிர்ந்தவை முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும். முட்டை பிழைக்க ஆயிரத்துக்கு 28 பங்குக்கும் மேல் உப்புள்ள நீர் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், பொழுது சாய்ந்தபின், ஓதம் ஏறும் வேளையில் முட்டையிடுதல் நடக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய அந்த முட்டைகள் மிதந்தபடியே ஒரு நாள் முடிவதற்குள் பொரிந்துவிடும். ஏறுகிற ஓதம் குஞ்சுகளை அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களுக்குள் கொண்டுசேர்க்கும். 1987-இல் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவாகக் காக்கப்பட்ட காட்டைப் போன்ற இடங்கள்தாம் இத்தகைய மீன்களின் பள்ளிப்பருவம் கழியும் இடங்கள். நிலவு, ஓதம், உப்பு, வெப்பம், வயது இத்தனையும் ஒரே வேளையில் கூடிவந்தால்தான் ஒரு கொடுவா தாயாக முடியும்.

கூண்டுக்குள் இவற்றில் எத்தனை கிடைக்கும்? கிள்ளானை ஒட்டிய கெத்தாம் தீவின் மிதவைக் கூண்டுகளில் கொடுவாவும் கலவாவும் செப்பிலி வகைகளும் பல காலமாக வளர்க்கப்படுகின்றன. அங்கே மீன் கொழுக்கும், எடை போடும். ஆனால் அடைபட்ட கடல்மீன்கள் பலவற்றில் ஒரு விந்தையான தடை தெரிந்தது. பெண்மீனின் முட்டைகள் பாதி வரை வளரும். கடைசிக் கட்ட முதிர்ச்சி மட்டும் வராது. யோனத்தான் சோஹார், கான்ஸ்டான்டினோஸ் மைலோனாஸ் போன்ற ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினார்கள். சினையகத்தில் குறை ஒன்றும் இல்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, முட்டையை இறுதியாக முதிர்த்து வெளியே விடும் ஹார்மோனைச் செய்துவைத்துக்கொண்டும் அதை இரத்தத்தில் விடுவதில்லை. ஏன் விடவில்லை என்றால், விடு என்று மூளை சொல்லவில்லை. மூளை சொல்லாததற்குக் காரணம், அது காத்திருக்கும் அடையாளங்கள் எதுவும் கூண்டில் வரவில்லை என்பதே. அதனால்தான் அந்தக் கட்டளையைப் போன்ற செயற்கை ஹார்மோனை ஊசியாகவோ தோலுக்கடியில் வைக்கும் சிறு குளிகையாகவோ கொடுக்கும் முறை வந்தது. தாய்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் கொடுவாவின் இனப்பெருக்கம் மனிதக் கைக்கு வசப்பட்டது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் இந்தியாவில் அதைச் சாதித்தது. இவை பெரிய சாதனைகள். கடலில் குஞ்சு வாரிக்கொண்டு வந்து வளர்க்கும் வழக்கத்தைக் குறைத்தவையும் இவைதாம். ஆனாலும் ஊசி போட்டால்தான் முட்டை வருகிறது என்றால், அந்தத் தொட்டியில் ஏதோ ஒன்று இல்லை என்று மீனின் உடல் சொல்வதாகவே அதை முதலில் படிக்க வேண்டும். நல்ல பொரிப்பகங்கள் அப்படித்தான் படித்தன. ஆழமான தொட்டி, ஓதத்தைப் போல மாறும் நீர்மட்டம், பருவத்தைப் போல மாறும் வெப்பம், நல்ல தீனி ஆகியவற்றைக் கொடுத்தபோது கொடுவாக்கள் ஊசியே இல்லாமல் முட்டையிட்டன.

கலவாவின் கதை தலைகீழானது. நாம் கெராப்பு என்று வாங்கும் அந்த மீன் பெண்ணாகத் தொடங்கிப் பெரிதானபின் ஆணாகிறது. ஆகவே பொரிப்பகத்தில் தாய்க்குப் பஞ்சமில்லை, தந்தைதான் கிடைக்காது. பல ஆண்டுகள் காத்திருக்க முடியாத இடங்களில் இளம் பெண்மீன்களுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்து முன்கூட்டியே ஆணாக்குகிறார்கள். செனாங்கின் என்று சந்தையில் சொல்லப்படும் காலா மீன் கொடுவாவைப் போல ஆணாகத் தொடங்கும் வகை. நம் சாப்பாட்டுத் தட்டில் அடிக்கடி வரும் மூன்று மீன்களின் பாலினமே வயதோடும் உடல் அளவோடும் பிணைந்திருக்கிறது. அப்படிப்பட்ட மீனின் வயதை வெட்டிச் சுருக்குவது அதன் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதோடு நிற்பதில்லை. ஒரு பாலினத்தையே அது அழிக்கக்கூடும்.

அடைத்துவைத்தலின் அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதும் இன்று ஓரளவு தெளிவாகத் தெரியும். நெரிசல், கைபடுதல், ஆக்சிஜன் குறைவு, அடிக்கடி வலையில் அள்ளுதல் ஆகிய ஒவ்வொன்றும் மீனின் இரத்தத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை ஏற்றுகின்றன. சிறிது நேரம் ஏறி இறங்கினால் தீங்கில்லை. நாள்கணக்கில் ஏறியே இருந்தால் தீனி குறையும், நோயை எதிர்க்கும் வலு குறையும், இனப்பெருக்க ஹார்மோன்களும் அடங்கும், முட்டையின் தரமும் கெடும். கொடுவாக் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும் இயல்புடையவை. தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள தம்பியையே ஒரு குஞ்சு விழுங்கிவிடும். அதனால் அளவு பார்த்து அடிக்கடி பிரித்து வளர்க்க வேண்டும். அதைச் சோம்பிவிட்ட பண்ணையில் இழப்பு அதிகம். நரம்பைத் தாக்கும் நோடா வைரஸ் தாய்மீனிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். அது வந்த பொரிப்பகத்தில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் சாகும். தாய்மீனைப் பேணுவது அங்கே பண்ணையின் அடித்தளம். இரக்கத்தையும் இலாபத்தையும் எதிர்எதிராக நிறுத்தும் பேச்சு இந்த இடத்தில் பொருளிழந்துவிடுகிறது.

இதற்கு நல்ல மறுப்பு ஒன்று உண்டு. திலாப்பியா சாக்கடையிலும் குட்டையிலும் பெருகுகிறதே, அது நலமாக இருக்கிறது என்று சொல்வோமா என்று கேட்கலாம். சொல்ல முடியாது. இனம் பெருக்குவது மட்டுமே நலத்தின் அடையாளம் என்று நான் சொல்லவில்லை. எப்படிப் பெருக்குகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறேன். நெரிசலும் பசியும் உள்ள குளத்தில் திலாப்பியா வளர்வதை நிறுத்திக்கொண்டு, கையளவு கூட இல்லாத உடலோடு அவசரமாக முதிர்ந்து முட்டையிடும். நாள் அதிகமில்லை என்று கணக்கிடும் உடலின் செயல் அது. கடலிலும் இதே அவசரம் பதிவாகியிருக்கிறது. 1992-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் காட் மீன்பிடிப்பு முற்றாக நிறுத்தப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில், அந்த மீன்கள் வழக்கத்தைவிட இளவயதில், சிறிய உடலோடு முதிரத் தொடங்கியிருந்தன என்பதைப் பழைய ஆய்வுக் குறிப்புகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சீக்கிரம் முதிரும் மீன், நெருக்கப்பட்ட மீன்.

இனி வலி பற்றிய கேள்வி. 2003-இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் முகத்தில் காயத்தையும் சூட்டையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன் தீனியை மறந்தது, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தது, அதன் செவுள் வேகமாக அடித்தது. மார்ஃபின் கொடுத்தால் அந்த நடத்தை குறைந்தது. மனித மூளையின் மேற்பட்டை போன்ற ஒன்று மீனுக்கு இல்லை, ஆகவே அது வலியை உணர முடியாது என்று பிரையன் கீ போன்றோர் வாதிடுகிறார்கள். பறவைக்கும் அந்த மேற்பட்டை கிடையாது. கோழிக்கு வலிக்காது என்று நம்மில் எவரும் சொல்லத் துணிவதில்லை. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிஞர்கள் பலர் கையெழுத்திட்ட பிரகடனம், மீன் உட்பட முதுகெலும்புள்ள எல்லா உயிர்களுக்கும் உணர்வு இருப்பதற்கு மெய்யான வாய்ப்பாவது உண்டு என்றது. அந்தப் பக்கமே சான்றுகள் சாய்கின்றன என்பது என் தீர்ப்பு. ஆனால் இதை ஏற்காதவரும் முந்தைய பத்திகளில் சொன்னதை மறுக்க முடியாது. வலி என்ற சொல்லையே விட்டுவிட்டாலும் கார்டிசோல் ஏறுவதும் முட்டை நின்றுபோவதும் அப்படியேதான் இருக்கும்.

கடலுக்கு வருவோம். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனுக்குத் தாய்கள் எத்தனை இருந்தால் என்ன, நாலு மீன் தப்பினால் போதுமே என்ற எண்ணம் மீனவர்களிடமும் வாங்குபவர்களிடமும் உண்டு. இந்த எண்ணத்தை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு உடைத்தது. தியேகோ பார்னேச்சேயும் அவர் குழுவினரும் 300-க்கும் மேற்பட்ட கடல்மீன் இனங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். உடல் இரண்டு மடங்கானால் முட்டையும் இரண்டு மடங்கு ஆகும் என்ற பழைய கணக்கு பெரும்பாலான இனங்களில் தவறு என்று தெரிந்தது. 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு காட் மீன், 2 கிலோ எடையுள்ள 28 காட் மீன்கள் இடும் அளவு முட்டைகளை இடுகிறது. முட்டைக்குள் இருக்கும் சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 37 மீன்களுக்கு இணை. 28 சிறு மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். கொடுவாவில் மிகப் பெரிய பெண்மீன் ஒரே பருவத்தில் ஒரு கோடிக்கும் மேல் முட்டையிடும். அந்த ஒரு மீனைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வதை வீரமாக நினைக்கும் தூண்டில் பிரியர்கள், முகத்துவாரத்தின் வங்கிக் கணக்கையே ஒரு கையெழுத்தில் காலி செய்கிறார்கள்.

ஆண்கள் தீர்ந்துபோன இடமும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவின் காக் என்ற கலவா இனத்தில் 1970களில் ஏறக்குறைய 17 விழுக்காடாக இருந்த ஆண்கள், 1990களில் 1 அல்லது 2 விழுக்காடாகக் குறைந்துவிட்டன. கூடி முட்டையிடும் இடங்களில் பெரிய மீன்களைத் தேடிப் பிடித்ததன் விளைவு அது. நமக்கு இன்னும் அருகில், நீரிணையின் அக்கரையில், ரியாவின் பெங்காலிஸ் பகுதியில் தெருபோக் மீனுக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. நம் உல்லத்துக்கு நெருங்கிய உறவான அந்த மீன் முதல் ஆண்டில் ஆண், பிறகு பெண். வாழ்வதே இரண்டு மூன்று ஆண்டுகள்தான். சினைக்கு நல்ல விலை என்பதால் சினை நிறைந்த பெண்களையே குறிவைத்துப் பிடித்தார்கள். இனம் சரிந்தது. சரவாக்கில் அதன் உடன்பிறப்பான இன்னொரு தெருபோக் இனமும் இதே ஆபத்தில் சிக்கியது. சினை நம் தமிழ் வீடுகளிலும் விரும்பிச் சாப்பிடும் பண்டம். கெம்போங் மீனின் சினையை மசாலா தடவி வறுத்துக் குழந்தைக்கு ஊட்டும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிறியதாக, வேகமாக வளர்ந்து பெருகும் மீனின் சினையும், பல ஆண்டுகள் காத்திருந்து பெண்ணாகும் மீனின் சினையும் ஒன்றல்ல என்பதை மட்டும் அறிந்து வாங்கலாம்.

பண்ணை மீன் கடல் மீனைக் காப்பாற்றுகிறதே என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. பொரிப்பகத்துக் குஞ்சை வைத்து, உலர்தீனி போட்டு வளர்த்த கொடுவா கடலின் சுமையைக் குறைக்கும். இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு வரும் ஈக்கான் பாஜா என்ற கழிவு மீனைப் போட்டு வளர்த்தது குறைக்காது. அந்தக் குவியலில் பெரிதானால் நல்ல விலைக்குப் போகக்கூடிய இனங்களின் குஞ்சுகளும் கிடக்கின்றன. நாளைய காலாவையும் நாளைய கலவாவையும் அரைத்து இன்றைய கொடுவாவுக்கு ஊட்டுவதை மீன் வளர்ப்பு என்று சொல்லக்கூடாது. கரையை ஒட்டிய நீரில் இழுவைப் படகு வரக்கூடாது என்ற விதி 1980களின் தொடக்கத்திலிருந்தே இந்நாட்டில் இருக்கிறது. குஞ்சுகள் வளரும் ஆழமற்ற நீரைக் காக்க அதைவிடப் பெரிய புதிய சட்டம் தேவையில்லை. இருப்பதை அமல்படுத்தினால் போதும்.

முகத்துவாரத்தில் நடப்பதற்கு ரவாங்கில் இருப்பவர்களும் பொறுப்பு. 2020 செப்டம்பரில் ரவாங்கின் கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது நான்கு நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 இலட்சம் கணக்குகளுக்குக் குழாய்நீர் நின்றது. மக்கள் வாளியோடு வரிசையில் நின்ற காட்சி நாளேடுகளில் வந்தது. மனிதருக்கு லாரியில் தண்ணீர் வந்தது, மீனுக்கு வேறு ஆறு இல்லை. கழிவு நாறினால் கண்டுபிடிக்கலாம். நாற்றமே இல்லாத பொருள்கள் இன்னும் ஆபத்தானவை. கனடாவில் கேரன் கிட் தலைமையிலான குழு, ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையிலுள்ள பெண் ஹார்மோனை மிக மிகச் சிறிய அளவில், ஒரு லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் அளவில், கலந்து பார்த்தது. ஆண்மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் தோன்றியது. சில ஆண்டுகளில் சிறுமீன் இனம் ஒன்று அந்த ஏரியிலிருந்தே ஏறக்குறைய அற்றுப்போனது. ஹார்மோனின் மெல்லிய ஏற்றத்தாழ்வால் பாலினம் மாறும் கொடுவாவும் காலாவும் வாழும் ஆற்றுக்கு, வீட்டுக் கழிவுநீரும் தோட்டத்து மருந்தும் ஆலைக் கழிவும் எவ்வளவு இறங்குகின்றன என்று கேட்க இது போதுமான காரணம்.

என்ன செய்யலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இதே மீனை வைத்தே வழி காட்டுகிறது. அங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் எடுக்கக்கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. கீழ் எல்லை, மீன் ஆணாக ஒரு முறையாவது இனம் பெருக்க இடம் தருகிறது. மேல் எல்லை, பெரிய தாய்களைக் காக்கிறது. கிழக்குக் கரையில் முட்டையிடும் மாதங்களில் பிடிப்புத் தடையும் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. அப்படியானால் கோலசிலாங்கூரின் பாசிர் பெனாம்பாங் மீனவரின் வயிற்றுக்கு என்ன வழி என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. நிவாரணம் இல்லாத தடை ஏழையின் மேல் போடும் வரி. ஆனால் மேல் எல்லை என்பது ஆண்டு முழுக்க வலையை நிறுத்தச் சொல்லும் விதி அன்று. ஓர் ஆண்டில் ஒருவர் வலையில் எப்போதாவது விழும் சில பெரிய மீன்களைத் திரும்ப விடச் சொல்வது. அதனால் இழக்கும் வருமானம் சிறிது; முகத்துவாரம் பெறுவது பெரிது. தட்டு அளவு மீனைப் பண்ணை தரட்டும், தாய்மீன் ஆற்றில் இருக்கட்டும் என்ற பிரிவினை இரு தரப்புக்கும் ஒத்துவரும்.

கொல்லும் முறையையும் சொல்லாமல் விடக்கூடாது. உயிரோடு ஐஸ் நீரில் போடுவதும், காற்றில் திணறிச் சாகவிடுவதும், மயக்காமல் செவுளை அறுப்பதும் மீன் நலத்துக்குக் கேடானவை என்று உலக விலங்கு சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை சொல்கிறது. தலையில் ஒரே அடியிலோ மின்சாரத்தாலோ உடனே உணர்விழக்கச் செய்வதை அது பரிந்துரைக்கிறது. துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் விறைத்து மென்மை கெடும் என்பது மீன் வணிகம் அறிந்த உண்மை. ஆகவே சந்தைக்குப் போகும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். சியாகாப் வாங்கும்போது பொரிப்பகக் குஞ்சா, உலர்தீனியில் வளர்ந்ததா, எப்படிக் கொன்றார்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் கேள்வி அவர் வழியாகப் பண்ணைக்குப் போய்ச்சேரும். ஆற்றில் பிடித்த 10 கிலோ கொடுவாவை யாராவது பெருமையாக விற்க வந்தால் வாங்காதீர்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு ஒரு மேல் எல்லை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.